மதியம் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்புவீர்களா? டிஸ்னி வேர்ல்டில் டீலக்ஸ் ஹோட்டல் தேர்ந்தெடுப்பது எப்படி

சித்தி மகள் நியூ ஜெர்சியிலிருந்து அழைத்தாள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நான்கு. மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். ஆறு பேரும் ஃப்ளோரிடா போய் டிஸ்னி வேர்ல்டில் ஐந்து இரவு தங்குவதாகத் திட்டம். "பெரியவர்கள் வருகிறார்கள் அண்ணா, நல்ல ஹோட்டலாகப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம். டீலக்ஸ் என்று போட்டால் எட்டுப் பெயர் வருகிறது. எட்டும் விலைதான். எதைப் போடுவது?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் அறைக்கு வந்து படுத்து எழுந்து, மாலையில் மறுபடி பூங்காவுக்குப் போவீர்களா? அல்லது காலையில் போனால் இரவுதான் திரும்புவீர்களா?"

ஹோட்டலைக் கேட்டால் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் எட்டுப் பெயரையும் தரம் பிரிக்கிற கேள்வி இதுதான்.

அங்கே 'டீலக்ஸ்' என்ற சொல்லுக்கு நாம் கொள்கிற பொருள் இல்லை. ஓர்லாண்டோவுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது அந்த வளாகம். 1971இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982இல் வந்த எப்காட், 1989இல் வேறு பெயரில் தொடங்கிய ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998இல் வந்த அனிமல் கிங்டம் என நான்கு பெரிய பூங்காக்கள் அதற்குள் இருக்கின்றன. டிஸ்னி தன் ஹோட்டல்களை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று படி பிரித்திருக்கிறது. டீலக்ஸ் விலைக்கு வேறு ஊர்களில் இதைவிடப் பளபளப்பான அறை கிடைக்கும். இங்கே நீங்கள் வாங்குவது நெருக்கத்தை. பூங்கா வாசலுக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்பதுதான் சரக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் போக்குவரத்து. எந்தப் பூங்காவுக்கு அதிக நாள் போகப் போகிறீர்கள், அங்கே எதில் போவீர்கள்? நடந்தா, மோனோரயிலிலா, படகிலா, பஸ்ஸிலா? இது சில்லறை விஷயமாகத் தெரியும். இரவு பத்து மணிக்குத்தான் இதன் எடை புரியும். வாணவேடிக்கை முடிந்து மேஜிக் கிங்டத்தின் கூட்டம் மொத்தமாக வெளியே கொட்டுகிறது. தள்ளுவண்டியில் பிள்ளை வாய் பிளந்து உறங்குகிறது. வரிசையில் நின்று பஸ்ஸும் வந்தாயிற்று. பஸ்ஸில் பெரும்பாலும் வண்டியை மடித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு, கீழ்த்தட்டில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், பொம்மை, ஈரத்துணி எல்லாவற்றையும் அள்ளி, ஒற்றைக் கையால் வண்டியின் பூட்டைத் தேடும்போது பிள்ளை விழித்துக்கொள்ளும். அப்புறம் அந்த அழுகை ஹோட்டல் வரை கூட வரும். மோனோரயிலில் வண்டியை அப்படியே உருட்டி ஏற்றலாம். நடந்து போகிற தூரத்தில் ஹோட்டல் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

இரண்டாவது, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம், அவர்களில் எத்தனை பேர் பெரியவர்கள் என்பது. டிஸ்னி ஹோட்டல்களில் ஓர் அறைக்கு இரண்டு பெரியவர்கள் என்பதுதான் விலைக்கணக்கு. 18 வயதைத் தாண்டிய மூன்றாம் ஆளுக்கு ஒவ்வோர் இரவும் தனிக்கட்டணம் ஏறும். தாத்தா பாட்டியோடு போகிற நம் வீட்டுப் பயணங்களில் இது முதலில் இடிக்கும்.

மூன்றாவது, அந்தப் படிக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை. இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்னதாக உள்ளே விடுவது டீலக்ஸ் சலுகை என்று நினைத்துக் காசு கட்டுகிறார்கள். அது டிஸ்னியின் எல்லா ஹோட்டல்களுக்கும் உண்டு, மலிவான பாப் செஞ்சுரி ஹோட்டலுக்கும் சேர்த்து. வரிசையைத் தவிர்க்கும் 'லைட்னிங் லேன்' அனுமதியை 7 நாட்களுக்கு முன்பே வாங்குவதும் அப்படித்தான். வெளியே தங்குபவர்களுக்கு அது 3 நாள். டீலக்ஸுக்கு என்று தனியாக இருப்பது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட சில இரவுகளில், குறிப்பிட்ட பூங்காவில், மூடும் நேரத்துக்குப் பிறகு கூடுதலாக இரண்டு மணி நேரம். கூட்டம் கலைந்த பூங்காவில் அந்த இரண்டு மணி நேரம் பொன்னானது, சந்தேகமில்லை. ஆனால் நான்கு வயதுக் குழந்தை அதற்குள் உறங்கிப்போயிருக்கும்.

நான்காவது நீச்சல்குளம், ஐந்தாவது சாப்பாடு. இவற்றை அந்தந்த ஹோட்டலைப் பேசும்போது பார்க்கலாம். எங்கிருந்து எங்கே எதில் போவது என்பதை மட்டும் முதலில் ஒரே பார்வையில் வைத்துக்கொள்வோம்.

| ஹோட்டல் | மேஜிக் கிங்டம் | எப்காட் | ஹாலிவுட் ஸ்டூடியோஸ் | அனிமல் கிங்டம் |
|---|---|---|---|---|
| கன்டெம்பரரி | நடை, மோனோரயில் | மோனோரயில், ஒருமுறை மாறி | பஸ் | பஸ் |
| பாலினீசியன் | மோனோரயில், படகு | சிறு நடை, பிறகு மோனோரயில் | பஸ் | பஸ் |
| கிராண்ட் ஃப்ளோரிடியன் | நடை, மோனோரயில், படகு | மோனோரயில், ஒருமுறை மாறி | பஸ் | பஸ் |
| பீச் கிளப், யாட் கிளப், போர்டுவாக் இன் | பஸ் | நடை, படகு | நடை, படகு, ஸ்கைலைனர் (ரோப் கார்) | பஸ் |
| ஸ்வான், டால்ஃபின் | பஸ் | நடை, படகு | நடை, படகு | பஸ் |
| வில்டர்னஸ் லாட்ஜ் | படகு | பஸ் | பஸ் | பஸ் |
| அனிமல் கிங்டம் லாட்ஜ் | பஸ் | பஸ் | பஸ் | பஸ் |

கடைசி வரியைப் பார்த்துச் சிரிக்கலாம். பூங்காவின் பெயரையே தாங்கி நிற்கும் ஹோட்டலிலிருந்து அந்தப் பூங்காவுக்கு நடந்து போக வழி இல்லை.

## மோனோரயில் ஓரத்து மூன்று ஹோட்டல்கள்

கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் மூன்றும் மேஜிக் கிங்டத்துக்கு முன்னால் உள்ள ஏரியைச் சுற்றி நிற்கின்றன. முதல் இரண்டும் 1971இல் பூங்காவோடு சேர்ந்தே திறந்தவை. கிராண்ட் ஃப்ளோரிடியன் 1988இல் வந்தது.

மோனோரயில் வட்டமாக, ஒரே திசையில் ஓடுகிறது. மேஜிக் கிங்டத்தை விட்டால் முதல் நிறுத்தம் கன்டெம்பரரி, அடுத்து ரயில் மாறுகிற இடமான டிக்கெட் மையம், பிறகு பாலினீசியன், கடைசியாக கிராண்ட் ஃப்ளோரிடியன், மறுபடி மேஜிக் கிங்டம். இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வரும். கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்து காலையில் ஒரே தாவலில் பூங்கா வந்துவிடும். இரவு திரும்பும்போது எல்லா நிறுத்தங்களையும் கடந்து கடைசி ஆளாக இறங்க வேண்டும். கன்டெம்பரரிக்கு நேர்மாறு. ஆனால் அங்கிருந்து பூங்காவுக்குப் பத்து நிமிட நடைதான் என்பதால் மோனோரயிலை எதிர்பார்க்கவே தேவையில்லை.

மூன்றில் எனக்குப் பிடித்தது கன்டெம்பரரி. அதன் அழகு யார் கண்ணுக்கும் உடனே படாது. சாய்ந்த கான்கிரீட் கோபுரம், நடுவயிற்றைத் துளைத்துக்கொண்டு மோனோரயில் போகிறது. அறைகளை வேறிடத்தில் முழுசாகச் செய்து கொண்டுவந்து, கிரேனால் தூக்கிச் சட்டகத்துக்குள் சொருகிக் கட்டினார்கள். "நான் மோசடிக்காரன் அல்ல" என்று அதிபர் நிக்சன் 1973 நவம்பரில் சொன்னதும் இந்த ஹோட்டலில்தான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல, ரயில் வீட்டுக்குள் வருகிறது என்பதே போதும். கோபுர அறைகளுக்கு விலை அதிகம். பக்கத்தில் மூன்று மாடியில் கார்டன் விங் என்ற கட்டடம் இருக்கிறது. அங்கே விலை குறைவு, நடைதூரம் ஏறத்தாழ அதேதான். மேஜிக் கிங்டத்தின் கோட்டையைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்கள் கார்டன் விங்கைப் போட்டுவிட்டு மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

பாலினீசியனுக்கு ஒரு தனி வசதி. டிக்கெட் மையம் நடைதூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து எப்காட்டுக்குத் தனி மோனோரயில் போகிறது. மேஜிக் கிங்டம், எப்காட் இரண்டுக்கும் சரிசமமாக நாள் ஒதுக்கியவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. ஏரிக்கரை மணலில் உட்கார்ந்து எதிர்க்கரை வாணவேடிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். குறை என்னவென்றால், அறைகள் பல கட்டடங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. கோடிக் கட்டடத்தில் அறை விழுந்தால் மோனோரயில் நிலையத்துக்கே ஒரு நடை நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரர் கூட இருந்தால் முன்பதிவு செய்யும்போதே வரவேற்பறைக்கு அருகில் வேண்டும் என்று குறிப்பெழுதி விடுங்கள்.

கிராண்ட் ஃப்ளோரிடியன் டிஸ்னி தன் டீலக்ஸ் வரிசையின் உச்சியில் வைத்திருப்பது, விலையிலும் அப்படித்தான். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, கூடத்தில் பியானோ. இங்கே கட்டுகிற கூடுதல் பணத்தில் போக்குவரத்துக்காகப் போவது கொஞ்சம், அந்தக் கூடத்துக்காகப் போவது மிச்சம். காலை ஏழுக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்குத் திரும்புகிறவர்கள் அந்தக் கூடத்தை எப்போது பார்ப்பார்கள்? திருமண நாள், அறுபதாம் கல்யாணம் போல ஏதாவது விசேஷத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## எப்காட் பின்வாசலில் இருப்பவை

எப்காட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலை எல்லோருக்கும் தெரியும். உலக நாடுகளின் அரங்குகள் இருக்கும் பக்கமாக இன்னொரு வாசல் திறக்கிறது. பீச் கிளப்பிலிருந்து அங்கே ஐந்தாறு நிமிட நடை. யாட் கிளப், போர்டுவாக் இன் இரண்டும் அதைவிடச் சற்றுத் தள்ளி. ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்குக் கால்வாயோரமாக 15, 20 நிமிடம் நடக்கலாம், படகிலும் போகலாம். எப்காட் பின்வாசலிலிருந்து ஸ்கைலைனரும் உண்டு. பழனி ரோப் கார் போன்றதுதான், 2019இல் ஓடத் தொடங்கியது. ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு நடுவழியில் ஒருமுறை மாறி ஏற வேண்டும்.

இரண்டு பூங்காக்களுக்கு நடந்து போகிற வசதி டிஸ்னி வேர்ல்டில் வேறெங்கும் கிடைக்காது. ஒன்பது, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீடு, அதாவது ஸ்டார் வார்ஸ் அரங்குக்காக ஹாலிவுட் ஸ்டூடியோஸில் இரண்டு நாள் கிடக்கப் போகிற வீடு என்றால் இங்கேதான் தங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மேஜிக் கிங்டம்தான் பிரதானம் என்றால் கதை வேறு. அங்கே போக வர பஸ், இரவு பத்து மணி வரிசை, மடிக்க வேண்டிய தள்ளுவண்டி.

குளத்தைப் பொறுத்தவரை பீச் கிளப்பும் யாட் கிளப்பும் பகிர்ந்துகொள்ளும் ஸ்டார்மலாங் பேவுக்கு ஈடு இல்லை. மூன்று ஏக்கர், அடியில் மணல், உடைந்த கப்பலிலிருந்து இறங்கும் சறுக்கு. அந்த இரண்டு ஹோட்டல் விருந்தினருக்கு மட்டும் என்பதால் கைப்பட்டை பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மணலில் கால் புதைத்து ஒரு பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பூங்காவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாகிவிடும். என் பார்வையில் அதுவே லாபம்தான். பூங்கா டிக்கெட் வாங்காத ஒரு முழு நாளை இந்தக் குளத்துக்கென்று ஒதுக்கலாம். ஆனால் டிஸ்னி ஹோட்டல்களில் பராமரிப்புக்காகக் குளங்களை முறைவைத்து மூடுவார்கள். குளத்தை நம்பி அறை போடுகிறவர்கள் உங்கள் தேதியில் அது திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒட்டினாற்போல் 1990இல் வந்த ஸ்வானும் டால்ஃபினும் டிஸ்னி நடத்துபவை அல்ல, மாரியட் ஹோட்டல் நிறுவனத்தின் குடையின் கீழ் இருப்பவை. முன்னதாக நுழைவது, 7 நாள் முன்பதிவு, இரவின் கூடுதல் இரண்டு மணி நேரம் எல்லாம் இவற்றுக்கும் உண்டு. அறை வாடகை பல நாட்களில் பீச் கிளப்பைவிடக் கணிசமாகக் குறையும். மாரியட் புள்ளிகள் சேர்த்துவைத்திருக்கும் ஐ.டி. குடும்பங்களுக்கு இது புதையல். ஆனால் அறை வாடகையோடு நாள்தோறும் ஒரு 'ரிசார்ட் கட்டணம்' சேரும், கார் கொண்டுவந்தால் நிறுத்தக் கட்டணமும் சேரும். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் இவை இரண்டும் இல்லை. இரண்டையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

## காடும் ஒட்டகச்சிவிங்கியும்

வில்டர்னஸ் லாட்ஜ் 1994இல் வந்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பழைய மரவிடுதியை மனதில் வைத்துக் கட்டியது. ராட்சத மரத்தூண்கள், பெரிய கணப்பு. மேஜிக் கிங்டத்துக்குப் படகு, மற்றதெல்லாம் பஸ். அறைகள் பெரும்பாலும் நான்கு பேருக்கு. சில அறைகளில் அடுக்குக் கட்டில் இருக்கிறது, அண்ணன் தங்கை மேல்கட்டிலுக்கு அடித்துக்கொள்வார்கள் என்பதைத் தவிர வேறு ஆபத்து இல்லை. அமைதி விரும்பும் சிறு குடும்பத்துக்கு நல்ல இடம். நான் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அனிமல் கிங்டம் லாட்ஜ் 2001இல் திறந்தது. இதைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. காலையில் திரையை விலக்கினால் மாடத்துக்கு எதிரே ஒட்டகச்சிவிங்கி இலை பறித்துத் தின்றுகொண்டிருக்கும். பின்னால் வரிக்குதிரைகள். இது விளம்பரப் பேச்சு இல்லை, உண்மையாகவே அப்படித்தான். இத்தனைக்கும் டீலக்ஸ் வரிசையில் பல தேதிகளில் விலை குறைந்தவற்றில் ஒன்று இது. ஏன் என்றால், தூரம். நான்கு பூங்காவுக்கும் பஸ்தான். மேஜிக் கிங்டத்துக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், காத்திருப்பது தனி. மதியம் திரும்பி உறங்கி மறுபடி போவது என்ற திட்டத்தை இங்கே மறந்துவிட வேண்டும்.

விலங்கு தெரிகிற அறைக்கும் வாகன நிறுத்தம் தெரிகிற அறைக்கும் விலை வித்தியாசம் பெரிது. அங்கே தங்குபவர் எவரும் பொதுமாடங்களில் நின்று விலங்குகளைப் பார்க்கலாம் என்பதால் மலிவான அறை போட்டும் ஒப்பேற்றலாம். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். இரவு உடையோடு காபியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்குத்தானே அவ்வளவு தூரம் போய்த் தங்குகிறோம்? அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது பஸ் பயணம் மட்டும்.

தங்காமலும் பார்க்க வழியுண்டு. லாட்ஜின் கிடானி வில்லேஜ் பகுதியில் சனா என்ற உணவகம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகள் கலந்த சமையல். நாண் போன்ற ரொட்டிகளைப் பல வகைச் சட்னி, தொகையல்களோடு ஒரு தட்டாகத் தருகிறார்கள். நாலு நாள் பிட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று நாக்கு செத்துப்போன பெரியவர்கள் அந்தத் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்வதைக் காண வேண்டும். 60 நாட்களுக்கு முன்பே மேசை முன்பதிவு தொடங்கிவிடும், மதிய நேரமாகப் பாருங்கள், இருட்டினால் விலங்கு தெரியாது.

## சமையலறையோடு உள்ள வில்லாக்கள்

மேலே சொன்ன பல ஹோட்டல்களை ஒட்டி 'டீலக்ஸ் வில்லா' என்ற வகை இருக்கிறது. ஒரு படுக்கையறை வில்லாவிலிருந்தே முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உண்டு. சாதாரண டீலக்ஸ் அறையில் சின்ன குளிர்ப்பெட்டியும் காபி இயந்திரமும் இருக்கும், மைக்ரோவேவ் இருக்காது. குழந்தைக்குப் பால் காய்ச்சவும், மாத்திரைக்கு முன்னால் ஒரு பிடி தயிர்சாதம் சாப்பிடவும் வேண்டியிருக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. கிடானி வில்லேஜில் ஒரு படுக்கையறை வில்லாவில் இரண்டு குளியலறை, இரண்டு படுக்கையறை வில்லாவில் மூன்று. ஆறு பேர் காலை ஏழரைக்குள் குளித்துக் கிளம்ப வேண்டிய வீட்டுக்கு மூன்றாவது குளியலறை என்ன மதிப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்னியிடம் நேராகப் போட்டால் விலை கண்ணைக் கட்டும். டிஸ்னியின் விடுமுறைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், அறை எடுக்கப் பயன்படும் தங்கள் 'புள்ளி'களை வாடகைக்கு விடுவார்கள், இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக அதை எடுத்தால் கணிசமாகக் குறையும். அதன் விலை வேறொரு வடிவில் வரும்: இந்த ஏற்பாட்டில் ரத்து செய்தால் பொதுவாகப் பணம் திரும்பாது. டிஸ்னியிடம் அறை மட்டும் நேராகப் போட்டிருந்தால் சில நாட்கள் முன்பு வரை ரத்து செய்து முன்பணத்தை வாங்கிவிடலாம். விசா கைக்கு வராத உறவினர் கணக்கில் இருக்கும்போது புள்ளி வாடகை எடுக்கவே எடுக்காதீர்கள்.

## யுனிவர்சலில் கணக்கே வேறு

அதே ஊரில் டிஸ்னிக்குப் போட்டியாகப் பூங்காக்கள் நடத்தும் யுனிவர்சலின் முதல்தர ஹோட்டல்கள் மூன்று: போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக். இங்கே தங்குகிற ஒவ்வொருவருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் இரண்டிலும் வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் அனுமதி இலவசம். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் சேர்த்து. அதாவது ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் அனுமதி. நெரிசல் காலத்தில் அந்த அனுமதியைத் தனியாக வாங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலரைத் தாண்டும். நான்கு பேர், இரண்டு நாள் என்று பெருக்கினால் 1,600 டாலர். ஹோட்டல் ஓர் இரவுக்கு அதில் பாதி கேட்டாலும் லாபம். அறையில் மெத்தையே போடாமல் விட்டாலும் லாபம்தான்.

யுனிவர்சல் 2025 மே மாதம் திறந்த புதிய பூங்காவான எபிக் யூனிவர்ஸுக்கு இந்த இலவச அனுமதி செல்லாது. அதன் வாசலிலேயே நிற்கும் ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டலில் தங்கினாலும் இலவச எக்ஸ்பிரஸ் கிடையாது. பெயரைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று: யுனிவர்சலின் பெரிய சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு. பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டியிருந்தால் இங்கே ஓர் இரவு கட்டாயம் போடலாம். நான்கு வயதுக் குழந்தைக்காக எக்ஸ்பிரஸ் எதற்கு?

## பில்லில் பின்னால் வந்து ஏறுபவை

அமெரிக்க ஹோட்டல் விலை வரியில்லாமல் காட்டப்படும். ஆரஞ்ச் கவுன்டியில் அறைக்கு 12.5 சதவீதம் வரி. இரவுக்கு 700 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து இரவுக்கு 3,500, வரி 437.50. ஓர் இரவு வாடகையில் பாதிக்கு மேல் வரியிலேயே போகிறது.

விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவச பஸ் விட்டுக்கொண்டிருந்தது, 2022 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு இன்னும் அதை எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. ஆறு பேரும் பெட்டிகளும் ஒரு சாதாரண காரில் அடங்காது, போக வர வேன் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மாலை நேரத்து இடிமழை அங்கே வாடிக்கை. மின்னல் வெட்டினால் குளங்களை மூடுவார்கள், ஸ்கைலைனரையும் படகுகளையும் நிறுத்துவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் இவற்றை மட்டும் நம்பி ஹோட்டல் போடக் கூடாது.

## டீலக்ஸ் தேவையே இல்லாதவர்கள்

முதல் கேள்விக்கு "காலையில் போனால் இரவுதான்" என்று பதில் சொன்னவர்கள். பதின்வயதுப் பிள்ளைகளோடு போகிற, நாலு பேருக்கு மேல் இல்லாத, கால் வலுவுள்ள குடும்பங்கள். இவர்களுக்கு ஸ்கைலைனர் போகிற பாப் செஞ்சுரியே போதும். அரை மணி முன்னதாக நுழைவதும் 7 நாள் முன்பதிவும் அங்கேயும் உண்டு. மிச்சமாகும் பணத்தில் லைட்னிங் லேன் வாங்கினால் டீலக்ஸில் இருப்பவரைவிட அதிக சவாரி ஏறலாம்.

டிஸ்னிக்கு வெளியே தங்குவதா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம். முதல் பயணத்தில் "மேஜிக் கிங்டம் 10 நிமிடம்" என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு விடுதியில் தங்கினோம். பத்து நிமிடம் என்பது கார் நிறுத்துமிடம் வரை. மேஜிக் கிங்டத்தின் நிறுத்துமிடம் ஏரிக்கு இக்கரையில் இருக்கிறது, பூங்கா அக்கரையில். நிறுத்தக் கட்டணம் கட்டி (இன்று 30 டாலருக்குக் குறையாது), டிக்கெட் மையம் வரை போய், பை சோதனை முடித்து, மோனோரயிலுக்கோ படகுக்கோ நின்று, கோட்டை கண்ணில் பட்டபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அறையைப் பூட்டி ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அன்று மதியம் அறைக்குத் திரும்பவில்லை. அம்மா ஒரு கடையின் நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

## சித்தி மகள் எதைப் போட்டாள்

மதியம் திரும்பியே ஆக வேண்டும் என்றாள். மாமியாருக்கு முழங்கால், சின்னவளுக்குத் தூக்கம். ஆகவே கன்டெம்பரரி கார்டன் விங்கில் அடுத்தடுத்து இரண்டு அறை என்று முடிவானது. ஓர் அறைக்கு இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை என்று பிரித்ததால் மூன்றாம் ஆள் கட்டணம் இல்லை. மாமியாருக்கு முழங்கால் ஒத்துழைத்தால் நடை, இல்லாவிட்டால் மோனோரயில். ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு மூத்தவனும் அப்பாவும் மட்டும் ஒரு நாள் பஸ்ஸில் போய் வருவார்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் மறுபடி அழைத்தாள். மாமனார் ஊரிலிருந்து வீடியோவில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஒட்டகச்சிவிங்கி நிற்கிற ஓட்டல் எதும்மா?" என்றாராம்.

இப்போது முதல் மூன்று இரவு கன்டெம்பரரி. கடைசி இரண்டு இரவு கிடானி வில்லேஜில் இரண்டு படுக்கையறை வில்லா, புல்வெளி பார்த்த பக்கம். விசா கைக்கு வந்துவிட்டதால் துணிந்து புள்ளி வாடகையில் எடுத்தாள். அந்த இரண்டு நாளும் மேஜிக் கிங்டம் கிடையாது. அனிமல் கிங்டம் ஒரு நாள், மாடம் ஒரு நாள். பெட்டிகளை ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்கு டிஸ்னியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அதற்குக் கட்டணம் இல்லை. மருந்துப் பையை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.